மாதவிடாய் நின்ற பிறகும் பெண்கள் பல வருடம் வாழ்கிறார்களே, பரிணாமப்படி அது வீண்தானே?

'வீண்' என்ற சொல்லைப் பார்த்துத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். கேட்டவர் பரீட்சைக்குப் படிக்கும் ஒரு தம்பியாக இருக்க வேண்டும். அதிகம் பெற்றுப்போடும் உயிர்தான் பரிணாமத்தில் ஜெயிக்கும் என்று படித்ததும் வரும் சந்தேகம் இது. தப்பில்லை. நான் ஆராய்ச்சியாளர் இல்லை, 31 வருஷம் உயிரியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள். எனக்கு 49 வயதில் நின்றது, இப்போது 63. உங்கள் கணக்குப்படி 14 வருஷம் வீண்.

'அந்தக் காலத்தில் எல்லோரும் 35 வயதிலேயே போய்விடுவார்கள், கிழவிகளே கிடையாது' என்று யாராவது மறுப்புச் சொல்ல வருவீர்கள். அது சராசரி காட்டும் வித்தை. சின்னக் குழந்தைகள் நிறைய இறந்தால் சராசரி ஆயுள் தரைக்கு வந்துவிடும். வேட்டையாடியும் உணவு சேகரித்தும் வாழும் கூட்டங்களில்கூட, பதினைந்து வயதைத் தாண்டியவர்களில் கணிசமானவர்கள் அறுபது, எழுபது வரை இருக்கிறார்கள்.

சரி, என் கதைக்கு வருகிறேன். மகளுக்கு இரண்டாவது பிரசவம். மூத்தவனுக்கு அப்போது இரண்டரை வயது. சின்னது குறைமாதத்தில் பிறந்ததால் மகள் பதினொரு நாள் மருத்துவமனையில் இருந்தாள். அத்தனை நாளும் பெரியவன் என்னிடம். என் கையில் தலை வைத்தால்தான் தூங்குவான். கையை உருவினால் விழித்துக்கொள்வான். மூன்றாம் நாள் ராத்திரி அவனுக்குக் காய்ச்சல். விடியும் வரை ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து உட்கார்ந்திருந்தேன். காலையில் வந்த மாப்பிள்ளை போனில் யாரிடமோ, "பெரியவனைப் பத்திக் கவலை இல்ல, அத்தை சும்மாதானே இருக்காங்க, பாத்துப்பாங்க" என்றார். நல்ல மனிதர்தான், கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனாலும் அந்த 'சும்மா' இன்னும் உறுத்துகிறது. உங்கள் 'வீண்' அதற்கு உறவுக்காரன்.

வேடிக்கை என்னவென்றால், கிறிஸ்டன் ஹாக்ஸ் என்ற மானிடவியலாளரும் அவருடன் சேர்ந்தவர்களும் தான்சானியாவில் வேட்டையாடியும் உணவு சேகரித்தும் வாழும் ஹாட்சா மக்களிடம் 1980களில் பார்த்தது இதையேதான். புதுக் குழந்தை பிறந்ததும் தாயால் முன்போல உணவு தேட முடியாது. அப்போது பால் மறந்த மூத்த குழந்தை தேறுவது, கெட்டித் தரையைத் தோண்டிக் கிழங்கெடுத்து வரும் பாட்டியின் உழைப்பைப் பொறுத்து இருந்தது. அந்த வயதான பெண்கள் இளையவர்களைவிடக் குறைவாக உழைக்கவில்லை. இதிலிருந்து வளர்ந்ததுதான் 'பாட்டி கருதுகோள்': தான் பெறுவதை நிறுத்திய பெண் பேரக்குழந்தைகள் பிழைக்க உதவினால், அவள் மரபணுக்கள் அவர்கள் வழியே தொடரும், அந்த வருஷங்கள் வீண் இல்லை என்ற விளக்கம். சிம்பன்ஸி தாய் தனியாகவே குட்டியை வளர்ப்பதால், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஐந்தாறு வருஷம் இடைவெளி விடுகிறது. வேட்டை, சேகரிப்பு வாழ்க்கையில் உள்ள மனிதத் தாய் மூன்று, நான்கு வருஷத்தில் அடுத்ததைப் பெறுகிறாள். மூத்ததைப் பிடித்துக்கொள்ள இன்னொரு கை இருப்பதால்தான் அது முடிகிறது.

அப்புறம், பின்லாந்து, கனடா நாடுகளின் பழைய பிறப்பு, இறப்புப் பதிவுகளை வைத்து 2004இல் ஓர் ஆய்வு வந்தது. ஐம்பதுக்கு மேல் ஒரு பெண் வாழ்ந்த ஒவ்வொரு பத்து வருஷத்துக்கும் அவளுக்கு இரண்டு பேரக்குழந்தைகள் கூடுதலாக இருந்தார்களாம். ஓர்கா திமிங்கிலங்களும் நாற்பது வயதுவாக்கில் ஈனுவதை நிறுத்திவிட்டு, அதன் பிறகு பல பத்தாண்டுகள் வாழ முடியும். இரையான சால்மன் மீன் குறையும் வருஷங்களில் கூட்டத்தை முன்நின்று நடத்துவது பெரும்பாலும் அந்தக் கிழவிகள்தான். வகுப்பில் இதைச் சொல்லும்போது எனக்கே கொஞ்சம் தலைக்கனம் வரும்.

இதோடு விவாதம் முடிந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. உகாண்டாவின் ங்கோகோ காட்டுச் சிம்பன்ஸிகளிலும் மாதவிடாய் நிற்பது உண்டு என்று 2023இல் ஓர் ஆய்வு வந்தது. அங்கே மகள்கள் வளர்ந்ததும் பெரும்பாலும் வேறு கூட்டத்துக்குப் போய்விடும், பாட்டி வேலைக்கு இடமே இல்லை. அதற்கு வேறு காரணம் தேட வேண்டும். இன்னொன்று, பரிணாமம் எப்படி வந்தது என்று சொன்னால், பாட்டிகள் எல்லோரும் பேரனைத் தூக்கியே ஆக வேண்டும் என்று அர்த்தமில்லை. மறுப்பவர்கள் என் தோழிகளில் இருக்கிறார்கள், அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. பேரப்பிள்ளையே இல்லாதவளும் வீண் இல்லை. இதை வைத்து யாரும் அம்மாவை வேலை வாங்க வேண்டாம்.

நான் நடத்திய பாடத்தில் இனப்பெருக்கத்துக்கு ஒரு முழு அத்தியாயம். மாதவிடாய் நிற்பதற்கு ஒரே வரி. அதன் பிறகு அந்தப் பெண் என்ன ஆனாள் என்று புத்தகத்துக்கு அக்கறை இல்லை.

மருத்துவர்களும் அப்படித்தான். போன மாதம் முட்டிவலி என்று மகளோடு போனேன். வலி எனக்கு, அவர் பேசியதெல்லாம் அவளிடம். "பாட்டிக்கு எப்போலேர்ந்து வலி? ராத்திரி தூங்குறாங்களா?" நான் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறேன், 31 வருஷம் எலும்பு மூட்டுகளின் படம் போட்டவள். கடைசியில், "குழந்தையெல்லாம் தூக்கக் கூடாதுன்னு அவங்ககிட்ட சொல்லிடுங்க" என்றார். மகள் மடியில் சின்னவள், என் மடியில் பெரியவன்.