கார் பின் வீல் பிரேக் பேடும் டிஸ்க்கும் மாத்தின பிறகு வீல் சுடுதா? முதல்ல ஹேண்ட்பிரேக் கேபிள பாருங்க

பேடு, டிஸ்க் எல்லாம் புதுசா போட்டு ஒரு வாரம் ஆச்சு, பின்னாடி வீல் கை வைக்க முடியாம சுடுது, மெக்கானிக் "ஓட ஓட செட் ஆயிடும்"னு சொல்றார்னு கேட்டிருக்கீங்க. புது பேடுன்னா ஆரம்பத்துல லேசா வாடை வரும்தான், ஆனா ஒரு வாரம் ஆகியும் சுடுதுன்னா பிரேக் பிடிச்சது விடலைன்னு அர்த்தம். தயவுசெஞ்சு அப்படியே ஓட்டாதீங்க.

எனக்கும் இதே நடந்துச்சுங்க. சேலத்துல சனிக்கிழமை பிரேக் வேலை முடிச்சு காரை எடுத்தேன், மறுநாள் அம்மாவ கூட்டிக்கிட்டு ஏற்காடு. 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி ஏரிகிட்ட நிறுத்தினா கருகின வாடை. பாட்டில் தண்ணிய வீல் ரிம் மேல ரெண்டு சொட்டு விட்டேன் (டிஸ்க் மேல ஊத்திடாதீங்க, விரிசல் விடலாம்), முன் வீல்ல வழிஞ்சு ஓடுது, பின்னாடி இடது வீல்ல தோசைக்கல்லுல தெளிச்ச மாதிரி சொய்ங்னுச்சு. மலை ஏறும்போது பிரேக்க மிதிச்சதே கொஞ்சம், அதுலயும் பெரும்பங்கு வேலைய முன் பிரேக்தான் செய்யும், அப்புறம் பின்னாடிக்கு அவ்வளவு சூடு எங்கிருந்து வரும்? காரை அங்கயே விட்டுட்டு பஸ்ல இறங்கிட்டோம். டாட் 3 பிரேக் ஆயில் புதுசுல 205 டிகிரி தாங்கணும், ஈரம் இழுத்த பழைய ஆயில் 140 பக்கத்துலயே கொதிச்சிடும், அப்புறம் பெடல் பஞ்சு மாதிரி உள்ள போயிடும், அந்த இறக்கத்துல அம்மாவ வெச்சுக்கிட்டு அதை நினைக்கவே முடியல.

மறுநாள் வேற ஒரு மெக்கானிக் அண்ணாவ கூட்டிட்டு போனேன். முன் வீலுக்கு கல்லு வெச்சு, ஹேண்ட்பிரேக் விட்டு, பின்னாடி ஜாக்கி போட்டு ஸ்டாண்டுல நிறுத்தி கையால சுத்தினார், ரெண்டு வீலும் இறுக்கம். அப்புறம் பிளீடர் நிப்பிள (பிரேக் ஆயில வெளிய விடற சின்ன திருகு) லேசா லூஸ் பண்ணார். அப்ப வீல் விட்டுச்சுன்னா ஆயில் பிரஷர் திரும்பாம நிக்குது, ஒரு வீல் மட்டும்னா அந்தப் பக்கத்து பிரேக் ஆயில் ஹோஸ் உள்ள உப்பியிருக்கலாம், ரெண்டும்னா மாஸ்டர் சிலிண்டர் (பெடல மிதிச்சா ஆயில தள்ளற பாகம்) பக்கம் பாக்கணும். எனக்கு விடல. "ஆயில் இல்ல தம்பி, வேற ஏதோ பிடிக்குது"ன்னார்.

காலிப்பர்ல (பேடை டிஸ்க் மேல அழுத்திப் பிடிக்கற பாகம்) ஹேண்ட்பிரேக் கேபிள் மாட்டியிருக்கற லீவர் அதோட ஸ்டாப்பருக்கு வந்து ஒட்டவே இல்ல. பழைய பேடு தேய்ஞ்சப்போ ஹேண்ட்பிரேக் நிக்கணும்னு யாரோ கேபிள இறுக்கியிருக்காங்க, புது பேடு போட்டப்போ அதை யாரும் தளத்தல. தளத்தினதும் வலது வீல் விட்டுச்சு. இடது மட்டும் அப்பவும் இறுக்கம். காலிப்பர கழட்டினா கீழ் ஸ்லைடு பின் (காலிப்பர் முன்ன பின்ன நகர்ற கம்பி) வரவே மாட்டேங்குது, பிளையர்ல திருகித் திருகி இழுத்தா கிரீஸ் கருகின கருப்பட்டிப் பாகு மாதிரி ஒட்டிக்கிட்டு வருது. துடைச்சு, எமரி ஷீட் போட்டு, சிலிக்கான் பிரேக் கிரீஸ் வெச்சார். சாதா கிரீஸ் வெச்சா ரப்பர் உப்பிடும், இத கண்டிப்பா கேட்டு வாங்குங்க. பேடு காது (ரெண்டு ஓரத்துல நீட்டியிருக்கற பகுதி) உக்கார்ற இடத்துல துரு ஏறியிருந்தத ராவினதும் பேடு விரலாலயே நகர்ந்துச்சு.

வரிசை முக்கியங்க. கேபிள தளத்தி, பேடு மாட்டி, பெடல நல்லா நாலஞ்சு தடவ அடிச்சு, கடைசியாத்தான் கேபிள் டைட். இன்னொண்ணு, ஹேண்ட்பிரேக்கும் சேர்ந்த காலிப்பர்ல பெரும்பாலும் பேடை தள்ளற பிஸ்டன திருகித்தான் உள்ள விடணும், கிளாம்ப் போட்டு அழுத்தினா உள்ளார மெக்கானிசம் போயிடும், உங்காளு எப்படி விட்டார்னு கேளுங்க.

எலக்ட்ரிக் பார்க்கிங் பிரேக்னா கதை வேற, பெரும்பாலும் ஸ்கேனர்ல சர்வீஸ் மோடு போட்டுத்தான் திறக்கணும். லீவர் வண்டின்னா இப்ப எத்தனை கிளிக்ல பிடிக்குதுன்னு எண்ணிப் பாத்து, ரெண்டு வீலும் சுடுதா ஒண்ணு மட்டுமான்னும் எழுதுங்க, மேல சொல்றேன்.