கேளுங்க அக்கா: பிள்ளையை இழந்தவர்கள் கூடும் இடத்துக்குப் போகலாமா?

(பதில் சொல்பவர்: ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்)

கேள்வி: என் மருமகளுக்கு எட்டாம் மாதத்தில் குழந்தை இறந்தே பிறந்தது. மூன்று மாதம் ஆகிறது. பிள்ளையை இழந்த பெற்றோர் மாதம் ஒருமுறை கூடிப் பேசும் இடம் பக்கத்து ஊரில் இருக்கிறதாம், போக வேண்டும் என்கிறாள். மறக்க வேண்டியதைப் பேசிப் பேசிக் கிளறுவானேன்?
- ஒரு மாமியார், பட்டுக்கோட்டை

பதில்: அனுப்பி வையுங்கள் அம்மா. கிளறுவதற்கு முதலில் அது ஆறியிருக்க வேண்டுமே!

பெரியவர் ஒருவர் போனால் துக்கம் விசாரிக்க ஊரே வருகிறது. பதினாறாம் நாள் காரியம், வருஷத் திதி என்று அழுவதற்கு நாளும் குறித்து வைத்திருக்கிறோம். பிறக்கும்போதே போன பிள்ளைக்கு இதெல்லாம் கிடையாது. பெரும்பாலும் அப்பா போய்ப் புதைத்துவிட்டு வருவார். தாய் வார்டில் படுத்திருப்பாள், பக்கத்துக் கட்டிலில் குழந்தை அழும். இரண்டு மூன்று நாளில் இவளுக்கும் பால் கட்டிக்கொள்ளும். நம் பக்கம் மல்லிகைப்பூவை மார்பில் வைத்துக் கட்டுவோம். 1988-ல் வேலூரில் இதைப் பால் நிறுத்தும் மாத்திரையோடு ஒப்பிட்டு ஆய்வே செய்தார்கள். பால் வற்றிவிடும், சரி. நான் உட்காரும் கூட்டத்தில் ஒரு பெண் சொன்னாள்: "கல்யாண வீட்டுல பூ குடுத்தா வாங்க முடியல அக்கா. ஏன்னு கேக்குறாங்க." எதிரே இரண்டு பேர் தலையாட்டினார்கள். அங்கே அவள் காரணம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

1968-ல் இங்கிலாந்தில், கவென்ட்ரி மருத்துவமனையில் இரண்டு சிறுவர்கள் இறந்தார்கள். தன் ஆறுதல் வார்த்தையைவிட, அந்த இரண்டு வீட்டுப் பெற்றோரும் தங்களுக்குள் பேசிக்கொண்டதுதான் அவர்களைத் தாங்கியது என்று அங்கிருந்த இளம் பாதிரியார் சைமன் ஸ்டீபன்ஸ் கவனித்தார். அடுத்த வருஷமே 'கம்பாஷனேட் ஃபிரெண்ட்ஸ்' என்ற அமைப்பு உருவானது. இன்று பல நாடுகளில் இருக்கிறது.

மகனையும் கூட அனுப்புங்கள். ஆண்கள் முதல் தடவை பைக்கை விட்டு இறங்க மாட்டார்கள். நாற்காலி எடுத்துப் போடக் கூப்பிடுவேன். உள்ளே வந்தவர் அப்படியே உட்கார்ந்துவிடுவார்.

மருமகள் வேலைக்குப் போகிறவளா? இறந்து பிறந்த குழந்தைக்கும் சட்டப்படி மகப்பேறு விடுப்பு உண்டு, கேட்டு வாங்குங்கள். "அடுத்ததைச் சீக்கிரம் பெத்துக்கோ" என்று மட்டும் வீட்டில் யாரும் சொல்ல வேண்டாம். சாப்பாடு, தூக்கம் இல்லாமல், செத்துப்போகலாம் என்று பேசினால் கூட்டம் வரை காத்திருக்காதீர்கள். உடனே டாக்டரிடம் கூட்டிப் போங்கள். 14416-ல் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம்.

கேள்வி: குவைத்தில் வேலை பார்த்த என் மகன் விபத்தில் இறந்துவிட்டான். ஐந்து வயதுப் பேத்தியிடம் 'அப்பாவுக்கு லீவு கிடைக்கல' என்று சொல்லி வைத்திருக்கிறோம். எப்போது சொல்வது?
- ஒரு தாத்தா, அறந்தாங்கி

பதில்: இந்த வாரமே சொல்லிவிடுங்கள் ஐயா, தெருவில் யாராவது வாய்தவறிச் சொல்வதற்கு முன்னால். அவள் அம்மா சொல்லட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள். "அப்பா இறந்துட்டார். இனிமே வர மாட்டார்." இவ்வளவு போதும். 'தூங்குறார்' என்று சொன்னால் சில குழந்தைகள் தூங்கவே பயப்படும். 'சாமி கூப்பிட்டுக்கிட்டார்' என்றால் அம்மாவையும் கூப்பிட்டுவிடுவாரோ என்று தோன்றும்.

மறுநாளே "தீபாவளிக்கு வருவாரா?" என்று கேட்பாள். போனவர் வர மாட்டார் என்பது அந்த வயதில் சட்டென்று பிடிபடாது. அதே பதிலைத் திரும்பச் சொல்லுங்கள். அழுதுகொண்டிருந்தவள் எழுந்து விளையாடப் போனால் கல்நெஞ்சுக்காரி என்று யாரும் பேசக் கூடாது, பிள்ளைகள் துக்கப்படுவது அப்படித்தான். 'நான் அடம்பிடிச்சதாலதான்' என்று மனதுக்குள் வைத்திருக்கலாம். அவள் கேட்காவிட்டாலும், அதனால் இல்லை என்று நீங்களாகவே சொல்லிவிடுங்கள். டீச்சர் காதிலும் போட்டு வையுங்கள்.

கேள்வி: எங்கள் ஊரிலும் இப்படி ஒரு குழு ஆரம்பிக்க என்ன செலவாகும்?
- ஒரு வாசகி, சீர்காழி

பதில்: டீ செலவுதான். பள்ளி வகுப்பறையோ நூலக மாடியோ போதும். அங்கன்வாடி வேண்டாம், சுவரில் எடை அட்டவணையும் குழந்தைப் படமும் இருக்கும். கைக்குழந்தையோடு திண்டாடும் புதுத் தாய்மாருக்கும் கூடிப் பேச இடம் வேண்டியதுதான். ஆனால் அவர்களுக்கு வேறு நாள் ஒதுக்குங்கள்.