மூன்று பேர் சொன்ன பதில்

வணக்கம் சார்,

கருக்கலைப்பு பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். அது ஒரு பெண் தன் மனசாட்சிப்படி எடுக்க வேண்டிய முடிவு என்கிறீர்கள். போன வருடம் என் தோழிக்குத் துணையாக மருத்துவமனைக்குப் போயிருந்தேன். “நீங்க என்னம்மா நினைக்கிறீங்க?” என்று டாக்டர் அவளிடம் கேட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள் கணவர், மாமியார், அவளுடைய அம்மா, மூன்று பேரும் பதில் சொல்லிவிட்டார்கள். மூன்றும் ஒரே பதில். அவள் கையெழுத்து மட்டும் போட்டாள். ஊர் சொல்வதைத்தானே எல்லோரும் செய்கிறோம்? இதில் தனிமனித அறம் எங்கே வந்தது?

(பெயரை வெளியிட வேண்டாம்.)

அன்புள்ள வாசகிக்கு,

அந்த மூன்று பேர் கலைக்கச் சொன்னார்களா, பெற்றுக்கொள்ளச் சொன்னார்களா? கடிதத்தை இரண்டு முறை படித்துப் பார்த்தேன், இல்லை. முதலில் எரிச்சலாக இருந்தது. அப்புறம், தெரியாததே நல்லது என்று பட்டது. தெரிந்திருந்தால், என் கட்சியா எதிர்க்கட்சியா என்று பார்த்துவிட்டுத்தான் கோபப்பட்டிருப்பேன்.

ருமேனியாவில் 1966இல் சர்வாதிகாரி சௌசெஸ்குவின் அரசு கருக்கலைப்பைத் தடைசெய்தது. மக்கள்தொகை பெருக வேண்டும், அவ்வளவுதான் காரணம். திருட்டுத்தனமாகக் கலைக்கப் போய் ஆயிரக்கணக்கான பெண்கள் செத்தார்கள். 1989இல் ஆட்சி கவிழ்ந்ததும் புதிய அரசு செய்த முதல் வேலைகளில் ஒன்று அந்தத் தடையை நீக்கியது. சீனாவில் ஒற்றைக் குழந்தைக் கொள்கை இருந்த காலத்தில் கதை நேர்மாறு. அனுமதியில்லாத கரு என்றால் மிரட்டிக் கலைக்க வைத்தார்கள், சில இடங்களில் இழுத்துக்கொண்டே போனார்கள். இந்த இரண்டில் தனக்கு வசதியான ஒன்றை மட்டும் எடுத்துச் சொல்பவர்களை நான் நம்புவதில்லை.

சரி, உங்கள் கேள்வி. மனசாட்சி யாருக்கும் தானாக முளைப்பதில்லை, ஒப்புக்கொள்கிறேன். கரு எப்போதிலிருந்து உயிர் என்பதில் நம் எல்லோருக்கும் இருக்கும் எண்ணம் கேட்டு வளர்ந்ததுதான். ஆனால் யோசனை சொல்வது வேறு, நெருக்குவது வேறு. மறுத்தால் என்ன நடக்கும் என்று பாருங்கள், தெரிந்துவிடும். “எனக்கு இது சரியாகப் படவில்லை” என்று சொன்ன பிறகும் அந்த வீட்டில் அவளோடு முகம் கொடுத்துப் பேசுவார்கள் என்றால் அது யோசனை. இல்லையென்றால் அந்தக் கையெழுத்து அவளுடையதே இல்லை.

நெருக்குவது வீட்டார் மட்டுமல்ல. “கொலைகாரி” என்பவர்கள் ஒரு பக்கம். “உன் உரிமைதானே, இதில் அழ என்ன இருக்கிறது” என்று அதட்டும் என் நண்பர்கள் இன்னொரு பக்கம்.

தானே எடுத்த முடிவு என்பதால் அது சரியான முடிவாகிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. தப்பாகவும் போகலாம். ஆனால் பின்னால் தூக்கம் கெட்டுக் கிடக்கப்போவது அவள்தானே, அந்த மூன்று பேரா?

டாக்டர் அன்று எல்லோரையும், உங்களையும் சேர்த்துத்தான், வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அதே கேள்வியைத் திரும்பக் கேட்டிருக்கலாம். உங்கள் கடிதத்தில் இல்லாத இன்னொன்று, அவள் என்ன நினைத்தாள் என்பது. இந்த ஒரு வருடத்தில் நீங்களாவது கேட்டீர்களா?