கேள்வி நேரம்: டைனோசருக்கு வயது எண்ணுவது எப்படி?

கே: எம்.எஸ்ஸி. புவியியல் முடிக்கப் போகிறேன். டைனோசரில் முனைவர் பட்ட ஆய்வு செய்ய ஆசை. எங்காவது போய்த் தோண்டினால்தான் ஆய்வா?
(மாணவி, திருச்சி)

ப: தோண்டாமலே செய்யலாம். அருங்காட்சியக இழுப்பறைகளில் எண் எழுதி வைத்ததோடு மறக்கப்பட்ட எலும்புகள் ஏராளம். அவற்றைக் குறுக்கே சீவி, நுண்ணோக்கியில் வளர்ச்சிக் கோடுகளை எண்ணுவது மூன்று நான்கு ஆண்டில் முடிகிற வேலை. மரத்தில் ஆண்டு வளையம் விழுவதுபோல எலும்பிலும், வளர்ச்சி நின்ற பருவத்தில் ஒரு கோடு விழுகிறது.

தலைப்பை மட்டும் அகலமாக வைக்காதீர்கள். 'டைனோசர்கள் எப்படி வளர்ந்தன' என்பது தலைப்பே அல்ல. 'இந்தச் சின்னத் தொடை எலும்பு குட்டியுடையதா, உருவமே சிறிய வேறொரு இனத்துடையதா?' என்பதுதான் தலைப்பு.

எலும்பை வெட்ட அனுமதி கிடைப்பதுதான் பெரிய தடை. எந்த எலும்பு, எந்த இடத்தில், எத்தனை மில்லிமீட்டர், வெட்டிய பின் மிஞ்சுவது என்ன, சீவல்கள் கடைசியில் எங்கே பாதுகாக்கப்படும் என்று ஒரே பக்கத்தில் எழுதுங்கள். வெட்டும் முன் எல்லாப் பக்கமும் படமெடுத்து, சிலிகோனில் அச்செடுத்து, நகல் வார்த்துத் தருகிறேன் என்பதையும் சேருங்கள். அந்த வரி இல்லாத கடிதத்துக்குப் பதில் வருவது அபூர்வம்.

கே: கல்லான எலும்பை எப்படிக் கண்ணாடிபோல மெல்லியதாக்குகிறார்கள்? எங்கள் கல்லூரியில் பாறைச் சீவல் செய்யும் கருவிகள் உண்டு, போதுமா?
(விரிவுரையாளர், சேலம்)

ப: தாராளமாகப் போதும். பாறைக்கு 30 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை தேய்ப்பீர்கள். எலும்புக்கு 50 முதல் 80 மைக்ரானில் நிறுத்திவிட வேண்டும். பாறை பழக்கத்தில் 30-க்கு இறக்கினால் கோடுகள் வெளிறிப் போகும்.

தொடை எலும்பின் நடுத்தண்டில் வெட்டுங்கள். மூட்டுப் பக்கம் போனால், வளரும்போது எலும்பு தன் உருவத்தை மாற்றிக்கொண்டே இருந்திருக்கும்; பழைய கோடுகள் அங்கே நிற்காது. வெட்டும் துண்டை முதலில் எபாக்சிப் பசையில் முழுக்க மூழ்கடித்து, வெற்றிட அறையில் வைத்துக் காற்றை இழுத்துவிட்டு, ஒரு நாள் இறுக விடுங்கள். பலர் சறுக்குவது இங்கேதான். அவசரத்தில் காற்றை இழுக்காமல் விட்டால், நுண்துளைகளில் பசை இறங்காது. தேய்க்கும்போது எலும்பு துகள் துகளாகப் பிய்த்துக்கொண்டு வரும். பாலியெஸ்டர் ரெசினை ஒரேயடியாகக் கனமாக ஊற்றுவதும் ஆபத்து. இறுகும் சூட்டில் அது வெடிக்கும், எலும்பையும் சேர்த்துப் பிளக்கும். இரண்டு மூன்று தவணையாக ஊற்றுங்கள்.

பிறகு வைர பிளேடில், தண்ணீர் ஓடவிட்டு, 2 முதல் 3 மி.மீ. கனத்தில் ஒரு சீவல். அதன் ஒரு முகத்தை 240, 400, 600 என்று (எண் கூடக் கூடத் தூள் நுண்ணியது) சிலிக்கான் கார்பைடு தூளில் வழவழப்பாக்கி, சொரசொரப்பாக்கிய ஸ்லைடில் எபாக்சியால் ஒட்டி, குமிழி இல்லாமல் அழுத்தி வையுங்கள். மறுநாள் மேல் முகத்தைத் தேயுங்கள். ஒவ்வொரு தூள் மாறும்போதும் ஸ்லைடையும் கண்ணாடித் தட்டையும் கையையும் கழுவ வேண்டும். 240-இன் ஒரு துகள் 600-இல் கலந்தால் சீவல் முழுக்கக் கீறல்தான். 150 மைக்ரானுக்குக் கீழே வந்துவிட்டால் நிமிடத்துக்கொரு முறை நுண்ணோக்கியில் பாருங்கள். தேய்த்துப் போனதை ஒட்டவைக்க முடியாது.

கே: ஒரு கோடு என்றால் ஒரு வயது என்று சொல்லிவிடலாமா?
(கல்லூரி மாணவர், மதுரை)

ப: பொதுவாக ஆண்டுக்கு ஒன்று. ஆனால் எண்ணிக்கையை அப்படியே வயது என்று எழுதுவதுதான் ஆய்வேடுகளில் அடிக்கடி காணும் பிழை. விலங்கு வளர வளர நடுவிலுள்ள மஜ்ஜை அறை விரிந்து, குட்டிப் பருவக் கோடுகளைத் தின்றுவிடும். வயதானதில் புது எலும்புக் குழல்கள் உட்பக்கத்திலிருந்து முளைத்து மிச்சத்தையும் அழிக்கும். ஆகவே மிஞ்சிய கோடுகளின் சுற்றளவை அளந்து (இமேஜ்ஜே என்ற இலவச மென்பொருள் போதும்), அதே இனத்துக் குட்டியின் சீவலை மேலே பொருத்தி, அழிந்தவை எத்தனை இருக்கும் என்று கணிக்க வேண்டும். விடை ஒரு எண்ணாக அல்ல, ஒரு வரம்பாகத்தான் வரும்.

இரண்டு கோடுகள் ஒட்டி ஓடினால் சுற்றிலும் தொடர்ந்து பாருங்கள்; ஓரிடத்தில் ஒன்றாகக் கலந்தால் அது ஒரே ஆண்டு. வெளி விளிம்பில் கோடுகள் நெருக்கியடித்து, இடையில் இரத்தக் குழாய்த் துளைகளே இல்லையென்றால் அந்த விலங்கு வளர்ந்து முடித்துவிட்டது என்று பொருள். இந்த ஒரு அடையாளம் ஆயிரம் அளவுகளுக்குச் சமம்.

சிகாகோ ஃபீல்ட் அருங்காட்சியகத்தில் நிற்கும் 'சூ' என்ற டி. ரெக்ஸ் இறந்தபோது வயது 28 என்று 2004-இல் கணித்தார்கள். தொடை எலும்பை விட்டுவிட்டு விலா எலும்பு, வயிற்று விலா, ஃபிபுலா (முழங்காலுக்குக் கீழுள்ள மெல்லிய எலும்பு) போன்றவற்றைப் பார்த்தார்கள். உடல் எடை அதிகம் சுமக்காத எலும்புகளில் கோடுகள் நன்றாகத் தங்கும்.

எவ்வளவு சர்ச்சை இதில் ஒளிந்திருக்கிறது என்பதற்கு 'ஜேன்' என்ற டைனோசர் எலும்புக்கூடு ஒரு சாட்சி. 2020 ஆய்வு, எலும்புக் கோடுகளைக் காட்டி அது குறைந்தது 13 வயது டி. ரெக்ஸ் குட்டி என்றது. 2025-இல் 'நானோடைரானஸ்' என்ற சிறிய உடல்வாகுள்ள பேரினம் தனியாக உண்டு என்று வேறு ஒரு ஆய்வு வந்தது. இன்னொரு எலும்புக்கூட்டின் சீவலில், சிறிய உடலோடு வளர்ச்சி நின்றுவிட்டதைக் காட்டியது அது; ஜேனையும் அதே பேரினத்தில் சேர்த்தது. குட்டியா, குள்ளனா என்ற வழக்கில் எலும்பின் ஓரம்தான் முதல் சாட்சி.

கே: அரியலூர் பகுதியில் உருண்டைக் கற்கள் கிடைத்தால் டைனோசர் முட்டை என்கிறார்கள். உண்மையா?
(வாசகர், பெரம்பலூர்)

ப: உருண்டையாக இருப்பது மட்டும் முட்டை என்பதற்குச் சான்று அல்ல. 2020-இல் குன்னத்தில் பரபரப்பானவை முட்டைகள் அல்ல என்று பார்வையிட்டவர்கள் சொல்லிவிட்டார்கள். கடலடியில் மணலும் சுண்ணாம்பும் திரண்டு உருண்டையாவது அந்தப் பகுதியில் சகஜம். முட்டையென்றால் ஓடு இருக்க வேண்டும்: மில்லிமீட்டர் கணக்கில் கனம், குறுக்குச் சீவலில் செங்குத்தாக நிற்கும் கால்சைட் (சுண்ணாம்புக் கனிமம்) படிகங்கள், இடையே காற்றுத் துளைகள். மத்தியப் பிரதேசம் தார் மாவட்டத்தில் இதெல்லாம் உண்டு; அங்கே 92 கூடுகளில் 256 முட்டைகளை 2023-இல் விவரித்திருக்கிறார்கள்.

அரியலூரின் உண்மையான டைனோசர் வேறு. கல்லமேட்டில் கிடைத்த பிருகத்காயோசாரஸுக்கு 1987-இல் பெயர் வைத்தார்கள். கால் எலும்பு ஒன்றே 2 மீட்டர். பிறகு எலும்புகள் பொடிந்து போய்விட, அது கல்மரமோ என்று சந்தேகம் கிளம்பி இத்தனை ஆண்டு நீடித்தது. பழைய களப் படங்களை 2022-இல் வெளியிட்டுத்தான் எலும்பு என்று வாதாட முடிந்தது. கட்டைவிரல் அளவு துண்டு மிஞ்சியிருந்தால் ஒரு சீவலே தீர்ப்புச் சொல்லியிருக்கும்: மரமென்றால் செல் வரிசை தெரியும், எலும்பென்றால் வட்ட வட்டக் குழல்கள்.

எனவே உதிரும் எலும்பைக் கண்டால் அள்ள வேண்டாம். அளவுகோல் வைத்துப் படமெடுத்து, இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் குறித்து, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்குத் தெரிவியுங்கள். எலும்பை உறுதிப்படுத்த வருபவர்கள் பாராலாய்டு பி-72 என்ற பிசினை அசிட்டோனில் 5 சதவீதம் அளவில் கரைத்துச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள்; எலும்பு ஈரமாக இருந்தால் மேலே வெள்ளையாகப் பூத்துவிடும், காயும் வரை பொறுக்க வேண்டும். ஒரு துண்டை மட்டும் எதையும் பூசாமல் தனியே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். வேதிச் சோதனைக்கு அது ஒன்றுதான் உதவும்.