வாட்ச்மேனுக்குப் பெயர் படிக்கத் தெரியாது

கேள்வி: மருந்துக்கடை வைத்திருக்கிறேன். பில் போடும் கம்ப்யூட்டரில் உட்காரும் தம்பி நல்ல பையன்தான். ஆனால் மேட்ச் நாளில் ஸ்கோர் வெப்சைட்டைத் திறந்துகொண்டால், சீட்டை நீட்டிக்கொண்டு நிற்பவர் கண்ணில் படுவதில்லை. ‘பிங்’ என்ற கட்டளை கொடுத்து அந்த சைட்டின் ஐபி எண்ணைக் கண்டுபிடித்து, விண்டோஸ் ஃபயர்வாலில் தடுத்தேன். ஸ்கோர் பாட்டுக்கு ஓடுகிறது. நான் சரக்கு ஆர்டர் போடும் மொத்த வியாபாரியின் சைட்தான் திறக்க மாட்டேன் என்கிறது! எங்கே தப்பு?
— பெயர் வேண்டாம், காரைக்குடி

பதில்: சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் செய்ததில் கைப்பிழை எதுவும் இல்லை. ஆளை மாற்றி வேலை சொல்லிவிட்டீர்கள், அவ்வளவுதான்.

விண்டோஸ் ஃபயர்வாலில் விதி எழுதும் திரையை இன்னொரு தரம் பாருங்கள். எந்த புரோகிராம், எந்த போர்ட் (தகவல் போய்வரும் வழியின் எண்), எந்த ஐபி முகவரி (இணையத்தில் ஒரு கம்ப்யூட்டரின் கதவு எண்) என்று கேட்கும். வெப்சைட்டின் பெயரை எழுத அங்கே இடமே கிடையாது. கதவு எண் மட்டும் தெரிந்த, பெயர்ப்பலகை படிக்கத் தெரியாத வாட்ச்மேன் அது.

இப்போது ஒரு வணிக வளாகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் தியேட்டருக்கு நான்கு வாசல். பக்கத்திலிருக்கும் மளிகைக்கடைக்கு ஒரே வாசல், அதுவும் தியேட்டரோடு சேர்ந்தது. அந்த ஒன்றை மட்டும் பூட்டினால் படம் பார்க்க வந்தவன் அடுத்த வாசலில் நுழைந்துவிடுவான், மளிகை வாங்க வந்தவர் திரும்பிப் போவார். உங்கள் கடையில் நடந்திருப்பது இதுவாகத்தான் இருக்க வேண்டும். மற்றவர்களின் சைட்டுகளை முன்னால் நின்று பரிமாறும் கிளவுட்ஃப்ளேர் போன்ற நிறுவனங்களின் ஒரே ஐபி முகவரிக்குப் பின்னால் ஏராளமான சைட்டுகள் குடியிருக்கும். பெரிய சைட் ஒன்றுக்கே பல முகவரிகள் இருக்கும். ‘பிங்’ உங்களுக்குக் காட்டியது அதில் ஒன்றைத்தான். போதாததற்கு ஐபிவி6 என்று இன்னொரு வகை எண் வேறு இருக்கிறது.

முதலில் ‘அவுட்பவுண்ட் ரூல்ஸ்’ பட்டியலுக்குப் போய் நீங்கள் எழுதிய விதியை நீக்குங்கள், ஆர்டர் சைட் திரும்பி வரும். பெயரை வைத்துத் தடுக்க வேண்டிய இடம் ஹோஸ்ட்ஸ் ஃபைல், அதாவது எந்தப் பெயருக்கு எந்த எண் என்று உங்கள் கம்ப்யூட்டர் முதலில் புரட்டிப் பார்க்கும் பட்டியல். சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ் என்று ஒவ்வொரு ஃபோல்டராக இறங்கினால், கடைசியில் ‘இடிசி’ என்ற ஃபோல்டருக்குள் இருக்கும். இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டில் எல்லாக் கம்ப்யூட்டர்களின் பெயரும் எண்ணும் இப்படி ஒரே ஃபைலில்தான் இருந்தன. பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் முறை 1983-இல்தான் வந்தது. தாத்தா காலத்துப் பூட்டுதான், ஆனால் இன்றைக்கும் வேலை செய்கிறது.

நோட்பேடை வலது கிளிக் செய்து ‘ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ என்று திறங்கள். இல்லையென்றால் சேமிக்க விடாது. உள்ளேயிருந்து ‘ஓப்பன்’ கொடுக்கும்போது ‘ஆல் ஃபைல்ஸ்’ என்று மாற்றினால்தான் அந்த ஃபைல் கண்ணுக்குத் தெரியும். கடைசி வரிக்குக் கீழே 0.0.0.0 (எங்கும் போய்ச் சேராத எண்) என்று அடித்து, ஒரு இடைவெளி விட்டு, சைட்டின் பெயர். மூன்று டபிள்யூ சேர்ந்த பெயருக்குத் தனி வரி, மொபைல் பக்கத்துக்குத் தனி வரி. ஒரு பெயரை எழுதினால் அதன் குடும்பமே அடங்கிவிடும் என்று நினைக்காதீர்கள், அந்த ஃபைலுக்கு அவ்வளவு சாமர்த்தியம் கிடையாது. சேமித்துவிட்டு பிரவுசரை மூடித் திறங்கள். ஆன்டிவைரஸ் குறுக்கே நின்று கேட்டால், நீங்கள்தான் மாற்றினீர்கள் என்று அனுமதி கொடுங்கள்.

இன்னொன்று. எழுதிய தேதியை ஒரு சீட்டில் குறித்து வையுங்கள். கட்டுரை முடிகிற வரை செய்தி படிக்கக் கூடாது என்று நானே ஒரு சைட்டை இப்படி அடைத்து, சுத்தமாக மறந்துபோனேன். ஆறு மாதம் கழித்து, ‘அந்த சைட் வரவில்லை, உங்கள் லைன் சரியில்லை’ என்று இன்டர்நெட்காரரை வீட்டுக்கே வரவழைத்துச் சண்டை போட்டேன். மனிதர் தன் போனில் அதே வைஃபையில் திறந்து காட்டிவிட்டு, நான் கொடுத்த காபியைக் குடிக்காமலே போனார்.

தம்பிக்கு அட்மின் உரிமை இல்லாத தனி லாகின் கொடுங்கள். இல்லையென்றால் நீங்கள் எழுதியதை அவரே அழித்துவிட முடியும். ஸ்கோர் காட்டும் சைட் ஊரில் ஒன்றுதானா என்று கேட்பீர்கள். இல்லைதான், அவர் தேடத் தேட நீங்களும் வரி சேர்க்க வேண்டியிருக்கும். பிரவுசரே வேண்டாம் என்றால் அந்த புரோகிராமை ஃபயர்வாலில் தடுத்துவிடலாம், அதை வாட்ச்மேன் அருமையாகச் செய்வார். ஆனால் உங்கள் ஆர்டரும் பிரவுசரில்தானே போகிறது! அவர் சட்டைப்பையில் இருக்கும் போனுக்கு என்னிடம் மருந்து இல்லை.

கேள்வி: பிள்ளைகள் வீட்டு வைஃபையில் ஆபாச சைட்டுகளைத் திறக்காமல் தடுக்க முடியுமா? ஒவ்வொன்றாகப் பெயர் எழுதுவதா?
— ஒரு வாசகி, ஓசூர்

பதில்: எழுதி மாளாதம்மா. உங்கள் ரவுட்டரின் அமைப்பில் டிஎன்எஸ் என்ற இடத்தில் 1.1.1.3, அடுத்த கட்டத்தில் 1.0.0.3 என்று போடுங்கள். கிளவுட்ஃப்ளேர் 2020-இல் குடும்பங்களுக்காகத் தொடங்கிய இலவசச் சேவை இது. அந்த மாதிரி சைட்டின் பெயரைக் கேட்டால் முகவரி தராமல் விட்டுவிடும். ஐபிவி6 டிஎன்எஸ் தனியாக இருந்தால் அதையும் மாற்ற வேண்டும். பிரவுசரில் ‘செக்யூர் டிஎன்எஸ்’ என்பதில் வேறு சேவையைத் தேர்ந்தெடுத்தால் இந்தத் தடையைத் தாண்டிவிடலாம் என்பதைப் பதின்மூன்று வயசுப் பிள்ளைகள் நமக்கு முன்னால் கண்டுபிடித்துவிடுகிறார்கள், அதையும் ஒரு கண் பாருங்கள். முதலில் ரவுட்டரின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். பெரும்பாலான வீடுகளில் அது பெட்டியின் அடியில் ஒட்டியபடியே இருக்கிறது.