சிங்கமும் கோலும் யாருடையவை?

கேள்வி: லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் உள்ள ‘இரவின் அரசி’ என்ற பாபிலோனியச் சுடுமண் சிற்பத்தில், இறக்கைகளும் பறவைக் கால்களும் கொண்ட பெண்ணுருவம் இரண்டு சிங்கங்களின் மேல் நிற்கிறது. இருபுறமும் ஆந்தைகள், இரு கைகளிலும் கோலும் வளையமும். ஒரு நூல் இவளை லிலித் என்ற பெண்பேய் என்கிறது, இன்னொன்று இஷ்தார் என்ற பெருந்தேவி என்கிறது. விலங்குகளையும் கோலையும் கொண்டு இவள் யார் என்று முடிவு செய்ய முடியாதா?

பதில்: கோல் இவளுடைய தகுதியைச் சொல்லும், பெயரைச் சொல்லாது. பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ள பாபிலோனிய அரசன் ஹம்முராபியின் சட்டக் கல்லில் இதே கோலையும் வளையத்தையும் ஏந்தியிருப்பவர் சூரியக் கடவுள் ஷமாஷ். அதற்குச் சில நூற்றாண்டுகள் முந்தைய சுமேரிய அரசன் ஊர்நம்முவின் கல்லில் அவை இன்னொரு தெய்வத்தின் கையில் உள்ளன; அங்கே வளையம் சுருட்டிய அளவு கயிறாகவே செதுக்கப்பட்டிருப்பதால், கோலும் வளையமும் நிலம் அளக்கும் கருவிகளிலிருந்து வந்தவை என்று பல அறிஞர்கள் கருதுகிறார்கள். நிலத்தைச் சரியாக அளந்து கொடுப்பவனே நீதியான அரசன் என்ற எண்ணத்தின் அடையாளம் அது என்பது அவர்கள் விளக்கம். சிரியாவில் இருந்த பண்டைய மாரி நகர அரண்மனையின் சுவரோவியத்தில், ஒரு காலைச் சிங்கத்தின் மேல் ஊன்றிய இஷ்தார் இவற்றை அரசனிடம் நீட்டுகிறாள். ஆக, ஆட்சியுரிமை வழங்கும் நிலையில் உள்ள தெய்வம் என்பதற்குமேல் கோல் எதையும் உறுதிப்படுத்துவதில்லை. லண்டன் சிற்பத்தில் எதிரே அரசன் யாரும் இல்லை என்பதும், இரு கைகளிலும் இச்சின்னம் இருப்பதும் வழக்கத்துக்கு மாறானவை.

லிலித் என்ற கருத்து 1930களில் முன்வைக்கப்பட்டது. அதை ஏற்பது கடினம், ஏனெனில் இவள் தலையில் பல அடுக்குக் கொம்பு மகுடம் இருக்கிறது. மெசபடோமியக் கலையில், அதாவது பண்டைய ஈராக் பகுதியின் கலையில், அது பெருந்தெய்வங்களுக்கே உரியது, பேய்களுக்குச் சூட்டப்படுவதில்லை.

சிங்கம் இஷ்தாரின் பக்கம் வலுவாகவே சாய்கிறது. பொ.ஆ.மு. 2300ஐ ஒட்டிய அக்காத் கால உருளை முத்திரை ஒன்றில், தோள்களிலிருந்து ஆயுதங்கள் முளைத்து நிற்கும் இஷ்தார், கயிற்றில் பிடித்த சிங்கத்தின் முதுகில் காலை வைத்திருக்கிறாள். அதற்கு ஏறத்தாழ 1,700 ஆண்டுகளுக்குப் பின், இரண்டாம் நெபுகத்நேசரின் பாபிலோனில் ஊர்வலப் பாதையின் மெருகிட்ட செங்கல் சுவர்களில் வரிசையாக நடக்கும் சிங்கங்களும் அவளுடையவையே. ஆனால் சிங்கம் அவளுக்கு மட்டுமே உரிய விலங்கும் அல்ல. பச்சிளங் குழந்தைகளைக் கொல்பவள் என்று அஞ்சப்பட்ட லமஷ்துவுக்குச் சிங்கத் தலையே உண்டு.

ஆந்தையிடம்தான் வழக்கு இழுபறியாகிறது. அதை ஒரு குறிப்பிட்ட தேவியோடு ஐயமின்றி இணைக்கும் எழுத்துச் சான்று இல்லை. ஆந்தை, கீழ்நோக்கித் தொங்கும் இறக்கைகள், பின்புலத்தில் ஒருகாலத்தில் பூசப்பட்டிருந்த கறுப்பு வண்ணம் ஆகியவற்றைச் சேர்த்து, இவள் பாதாள அரசியான எரெஷ்கிகால் என்று வாதிடுவோர் உண்டு. எரெஷ்கிகாலின் உருவம் என்று உறுதியாகச் சொல்லத்தக்க வேறு சிற்பம் எதுவும் கைவசம் இல்லாததால், ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை என்பதே அவ்வாதத்தின் பெரிய பலவீனம்.

என் சாய்வு இஷ்தார் பக்கம். அதற்குச் சிங்கத்தைவிடக் கோலே காரணம் என்றால் நீங்கள் வியக்கலாம். இஷ்தாரின் சுமேரிய வடிவமான இனன்னா பாதாளம் செல்லும் பாடலில், அவள் நீலமணிக் கல்லாலான அளவுகோலையும் அளவு கயிற்றையும் கையில் ஏந்திப் புறப்படுகிறாள். ஏழு வாயில்களில் ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் இழந்து ஆடையின்றி நிற்கிறாள். தனியே பெயர் சொல்லாத கோல், இந்தச் சிங்கங்களோடும் இந்த நிர்வாணத்தோடும் சேரும்போது ஓரளவு பேசத் தொடங்குகிறது. என்றாலும் தீர்ப்பாக எழுத நான் துணியமாட்டேன். இச்சிற்பத்தில் எழுத்துப் பொறிப்பு கிடையாது. முறையான அகழாய்வில் கிடைத்ததும் அல்ல. 1936இல் லண்டன் வார இதழ் ஒன்றில் படம் வெளியானபோது இது பழம்பொருள் வணிகரின் கையில் இருந்தது. 2003இல்தான் அருங்காட்சியகம் வாங்கியது. எந்தக் கோயிலில் இருந்தது என்பது தெரிந்திருந்தால் இவ்வளவு வாதத்துக்கே இடமிருந்திருக்காது.

கேள்வி: ஒரு விலங்கைக் கண்டதும் இன்ன தேவி என்று தயங்காமல் சொல்லக்கூடிய சின்னமே கிடையாதா?

பதில்: நாய் ஓரளவுக்கு அப்படிப்பட்டது. மருத்துவத் தேவி குலாவின் விலங்கு அது. குதுர்ரு எனப்படும் நிலக்கொடைக் கற்களில் அவள் அமர்ந்திருக்க, அருகில் நாய் இருக்கும். ஈசின் நகரில் அவள் கோயிலை அகழ்ந்தபோது முப்பதுக்கும் மேற்பட்ட நாய்கள் புதைக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. கல்லில் கண்டதை மண்ணும் உறுதிசெய்த இத்தகைய வாய்ப்பு ஆந்தைக்குக் கிடைக்கவில்லை.

கேள்வி: நம் துர்க்கையின் சிங்கம் இஷ்தாரிடமிருந்து வந்ததா?

பதில்: அப்படி உறுதியாகச் சொல்லச் சான்று போதாது. மெசபடோமியத் தேவி ஒருத்தி கிழக்கே பயணம் செய்தது மட்டும் உண்மை. உருக் நகரில் வணங்கப்பட்ட நனாயா, நனா என்ற பெயரில் குஷாணர் நாணயங்களில் தோன்றுகிறாள். ஹுவிஷ்கரின் நாணயம் ஒன்றில் சிங்கத்தின் மேலேயே அமர்ந்திருக்கிறாள். பெயர் பொறிக்கப்பட்டிருப்பதால் அங்கே ஐயத்துக்கு இடமில்லை. ஆப்கானிஸ்தானின் ரபாதக் கல்வெட்டில், தான் அரசுரிமையை நனாவிடமிருந்து பெற்றதாகக் கனிஷ்கர் அறிவிக்கிறார்.