அலர்ட்மேனேஜரிலிருந்து ஜிராவுக்கு: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

சேர்வர்களைக் கண்காணிக்கும் புரொமீதியஸிலிருந்து அலர்ட் (எச்சரிக்கை) வந்ததும், ரீமின் வேலைகளைப் பதிந்து வைக்கும் ஜிராவில் தானாக டிக்கெட் (வேலைப் பதிவு) திறப்பது பற்றி யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் பலர் கேட்டிருந்தீர்கள். அந்த அலர்ட்களை வாங்கி உரிய இடத்துக்கு அனுப்புவதுதான் அலர்ட்மேனேஜர். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, கேட்டவரின் ஊர்ப் பெயரோடு எழுதுகிறேன்.

கொக்குவில்: அண்ணா, நடுவில் தனியாக ஒரு புரோகிராம் ஓடவிடாமல் இணைக்க ஏலுமா?

ஏலும். 2025 ஜனவரியில் வந்த அலர்ட்மேனேஜர் 0.28 பதிப்பிலிருந்து ஜிரா ரிசீவர் (அலர்ட்டை ஜிராவுக்கு அனுப்பும் பகுதி) உள்ளேயே இருக்கிறது. ஜிராவின் முகவரி, புரொஜெக்ட், இஷ்யூ வகை, உள்நுழையும் விவரம் கொடுத்தால் டிக்கெட் விழத் தொடங்கும். பழைய பதிப்பு என்றால் முதலில் அப்கிரேட் செய்யுங்கோ.

திருநெல்வேலி: இணைத்துவிட்டேன் அண்ணா, ஆனால் ஒரே பிரச்சினைக்கு இரவு முழுக்கப் புதுப்புது டிக்கெட் விழுகிறது. ஜிரா பக்கம் ஏதும் பிழையோ?

ஜிராவில் பிழை இல்லை தங்கச்சி, உங்கள் குரூப் பை (group_by) வரியை, அதாவது எந்த லேபிள்களை வைத்து அலர்ட்களைக் குழுவாக்குவது என்று சொல்லும் வரியைப் பாருங்கோ. அலர்ட்மேனேஜர் ஒரு குழுவுக்கு ஒரு டிக்கெட் என்றுதான் கணக்கு வைக்கிறது. அந்தக் குழுவின் அடையாளத்தை ஹாஷ் (சுருக்கக் குறியீடு) ஆக்கி டிக்கெட்டில் லேபிளாக ஒட்டிவிட்டு, அடுத்த முறை அதே லேபிளைத் தேடி, இருந்தால் அதையே புதுப்பிக்கும். நீங்கள் குரூப் பையில் பொட் (குபெர்னெட்டிஸில் புரோகிராம் ஓடும் சிறு அலகு) பெயரையும் சேர்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பொட் விழுந்து புதிதாக எழும்பும்போது பெயர் மாறும், பெயர் மாறினால் குழுவும் புதிது, டிக்கெட்டும் புதிது. அலர்ட் பெயர், சேவை, கிளஸ்டர் என்று மாறாத லேபிள்களை மட்டும் வையுங்கோ. அப்புறம், எந்த அலர்ட்டுக்கு டிக்கெட் வேண்டும் என்பதையும் யோசியுங்கோ. நாளைக்கு ஒருவர் உட்கார்ந்து செய்யவேண்டிய வேலை அதில் இருந்தால்தான் டிக்கெட். சிபியு கொஞ்ச நேரம் ஏறி இறங்கியதற்கெல்லாம் டிக்கெட் போட்டால் ஒரு கிழமையில் ரீமில் ஒருவரும் அந்த ஜிரா போர்ட்டைத் (டிக்கெட் பலகையை) திறந்து பார்க்கமாட்டார்கள், உண்மையான பிரச்சினையும் அதற்குள்ளேயே புதைந்துவிடும்.

நல்லூர்: அலர்ட் சரியானதும் டிக்கெட்டையும் தானாக மூடலாமா?

மூடலாம், ரிசால்வ் டிரான்சிஷன் (resolve_transition, டிரான்சிஷன் என்றால் டிக்கெட்டின் நிலையை மாற்றும் படி) என்று ஒரு அமைப்பு இருக்கிறது, ஆனால் நான் விரும்புவதில்லை. அலர்ட் நின்றுவிட்டது என்பதற்காகக் காரணம் தெரிந்துவிட்டது என்று ஆகாது. மனிதர் ஒருவர் பார்த்து மூடட்டும். கட்டாயம் வேண்டுமென்றால், டிரான்சிஷனின் பெயரை ஜிராவில் இருப்பதுபோல அப்படியே எழுதுங்கோ. அந்தப் பெயர் சேவைக் கணக்கின் (அலர்ட்மேனேஜர் ஜிராவுக்குள் நுழையும் கணக்கின்) மொழி அமைப்பைப் பொறுத்து மாறக்கூடும், பலர் அதில்தான் தடக்குப்படுகிறார்கள்.

சாவகச்சேரி: இரவு 10 முதல் காலை 6 வரை சின்ன அலர்ட்களை நிறுத்தி வைத்தேன். விடியப்புறம் 3 மணிக்கும் வருகிறது, காலை 10 மணிக்கு வரவேண்டியது வரவில்லை.

நேரவலயம் குறிப்பிடாவிட்டால் அலர்ட்மேனேஜர் யுடிசியையே (உலகப் பொது நேரத்தையே) எடுக்கும். நாங்கள் ஐந்தரை மணித்தியாலம் முன்னுக்கு இருக்கிறோம், அதனால் உங்கள் அமைதி நேரம் இங்கே அதிகாலை 3:30 முதல் 11:30 வரை ஆகிவிட்டது. லொகேஷனில் (location) ஆசியா/கொழும்பு என்பதை ஆங்கிலத்தில் Asia/Colombo என்று போடுங்கோ. ஒரே வரம்பில் நள்ளிரவைத் தாண்ட முடியாது, 22:00 முதல் 24:00, 00:00 முதல் 06:00 என்று இரண்டாகப் பிரியுங்கோ. காலை 6 மணிக்குப் பிறகும் எரிந்துகொண்டிருக்கும் அலர்ட் தானாக வந்து சேரும்.

சுன்னாகம்: நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, திடீரென்று டிக்கெட் வருவதே நின்றுவிட்டது. ஒரு எரரும் கண்ணில் படவில்லை.

ஜிரா கிளவுட் (இணையத்தில் ஓடும் ஜிரா) என்றால் டோக்கனை, அதாவது கடவுச்சொல்லுக்குப் பதிலாகக் கொடுக்கும் சாவியைப் பாருங்கோ தம்பி. 2024 டிசம்பர் நடுப்பகுதிக்குப் பிறகு உருவாக்கும் ஏபிஐ டோக்கன்களுக்குக் காலாவதி உண்டு, அதிகபட்சம் ஒரு வருடம். ஒருவரின் சொந்தக் கணக்கில் டோக்கன் எடுக்காமல் தனிச் சேவைக் கணக்கில் எடுத்து, முடியும் தேதியை ரீமின் காலண்டரில் போட்டுவையுங்கோ. அலர்ட்மேனேஜர் அனுப்ப முடியாமல் போனவற்றை எண்ணும் மெட்ரிக் ஒன்றும் இருக்கிறது, நோட்டிஃபிகேஷன்ஸ் ஃபெயில்ட் டோட்டல். அது ஏறினால் ஒரு அலர்ட் எழும்பட்டும், ஆனால் அதை மின்னஞ்சலுக்கு அனுப்புங்கோ, ஜிராவுக்கு வேண்டாம்.